பக்கத்தில் நின்று பேசிய ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா போய்விட்டார். காலையில் நாவலப்பிட்டியிலிருந்து அவர் தங்கச்சி போன் பண்ணினார்.. தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

போனை வைத்தேன். உண்மையைச் சொன்னால், அழுகைக்கு முன்னால் வந்தது பயம்.

இறையியல் கல்லூரி முடித்த கையோடு நாகர்கோவிலிலிருந்து மிஷனரியாக இலங்கைக்கு வந்தவன் நான். கண்டிப் பக்கம் தமிழ் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். என்னைப் போட்டது கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில்.. ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஒரு ஹால்தான் ஆலயம், வருகிறவர்களில் முக்கால்வாசி சிங்களவர்.

நான் தமிழில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் நின்று அக்கா அதைச் சிங்களத்தில் சொல்வார். வாரம் முழுக்கக் கண்டி டவுனில் துணிக்கடை வேலை, ஞாயிற்றுக்கிழமை என்னோடு.

சபைக்கு முன்னால் நான் "பாஸ்டர்". படியிறங்கிவிட்டால் "தம்பி". முதல் நாள் நாற்காலி கேட்டேன். "இங்க அதுக்குப் பேரு கதிரை தம்பி, உக்காருங்க" என்று சிரித்தார்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். சில நேரம் நான் வாயைத் திறக்கும் முன்பே சிங்களம் வந்துவிடும்.

"எப்படிக்கா?" என்றால், "நீங்க அடுத்து என்ன சொல்வீங்கன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும் தம்பி" என்பார். என் பிரசங்கத்தின் லட்சணம் அப்படி.. நானும் சிரித்து விட்டுவிட்டேன்.

பிறகு அந்த ஞாயிறு. வெளியே விடாத மழை. இயேசு காற்றையும் கடலையும் அதட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வரி சொல்லி நிறுத்தினேன்.. அக்கா நிறுத்தவில்லை.

எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் நடுவில் ஒரு ஊர்ப் பேரும், ஆட்டோவுக்கு இங்கே சொல்லும் பேரும் காதில் விழுந்தன. ஹுன்னஸ்கிரிய. த்ரீவீல்.

கலிலேயாக் கடலில் த்ரீவீல் எங்கே வந்தது?

முன் வரிசையில் மாலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்மெண்ட் வேலைக்கு வந்த பிள்ளை, வீடு ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். ஆராதனை முடிந்து ஊருக்குப் போக அவள் பிடித்த த்ரீவீல் கீழே நின்றிருந்தது.

முடிந்ததும் அக்காவிடம் கோபமாகக் கேட்டேன். "நான் சொல்லாதத ஏன்க்கா சொன்னீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்கதானே தம்பி சொன்னீங்க.. ஹுன்னஸ்கிரியவுக்குப் போற புள்ள இன்னைக்கு அந்த த்ரீவீல்ல ஏறாதேன்னு. எனக்கே திக்குன்னு இருந்துச்சு."

சத்தியமாக நான் சொல்லவில்லை. அக்கா சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மாலா போகவில்லை. த்ரீவீல்காரர் மட்டும் ஊருக்குத் திரும்பினார். வழியில் டீ குடிக்க இறங்கி அவர் கடைக்குள் இருக்கும்போதே மண் சரிந்து, வெளியே நின்ற வண்டியை மூடிவிட்டது.

அடுத்த ஞாயிறு மாலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்காவுக்கு நன்றி சொல்லும்மா. அவங்க சிங்களத்துல சொன்னதுதான்" என்றேன்.

"எனக்குச் சிங்களம் அரைகுறைதாங்க பாஸ்டர். நீங்க தமிழ்ல சொன்னதக் கேட்டுத்தான் நின்னுட்டேன்."

அக்கா பக்கத்திலேயே இருந்தார். என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படியிறங்கும்போது கேட்பேன். "இன்னைக்கு வேற ஏதாவது சொன்னேனாக்கா?"

"இல்ல தம்பி. இன்னைக்கு நீங்க மட்டுந்தான் பேசுனீங்க."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கும். நான் சிங்களம் கற்றுத் தனியாகப் பேசத் தொடங்கிய பிறகும் அவர் வந்து முன்னால் உட்காருவார். நானும் கேட்காமல் விட்டதில்லை.

நாளை நாவலப்பிட்டியில் அடக்கம். இரண்டு மொழியிலும் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.. நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று பிறகு யாராவது என்னிடம் சொல்லுங்கள்.

போயிட்டு வாங்க அக்கா.