மேரியின் தோசைக் கரண்டி

செய்தி வந்த காலையில் நான் கிளினிக்கில் ஏழாவது டோக்கனை எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து கோமதிநாயகம் அண்ணன் அழைத்தார். அங்கே அப்போது விடிந்திருக்காது. அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் அழைத்ததில்லை.

"செல்வி, இசக்கி இறந்துட்டாட்டி" என்றார்.

நான் ஏன் அப்படித் திருப்பிக் கேட்டேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. "டியூட்டி முடிஞ்சு வந்துட்டாவளா அண்ணே?" என்று கேட்டேன். எட்டாவது ஆள் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் டோக்கன் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கை நின்றது.

அண்ணன் என் பெரியப்பா மகன். அங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை. அவருடைய மனைவி இசக்கியம்மாள், எனக்கு மதினி. வயது நாற்பத்தொன்று. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்து, நர்சிங் பட்டம் வாங்கி, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த முதல் பட்டதாரி அவர்.

அவரை நான் முதலில் சரியாகப் பார்த்தது கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள். எனக்கு ஒன்பது வயது. விசைத்தறி ஓட்டும் அப்பா, தறியில் விரல் மாட்டி ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். எல்லோரும் கத்தினார்கள். புதுப்பெண் மட்டும் கத்தவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, கைய இறக்காதீங்க. நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க."

"பட்டுல ரத்தம் பட்டுரும் தாயி."

"சேலைய வெளுத்துக்கிடலாம். விரல் போச்சுன்னா தறிய யாரு ஓட்டுவா?"

அப்பாவின் விரல் பிழைத்தது. அந்த விரலால்தான் இன்றும் அறுந்த நூலை முடிகிறார்.

அடுத்த வருடம் மதினி இங்கிலாந்துக்குப் போனார். இங்கே வாங்கிய பட்டத்தோடு அங்கே நேராக வார்டுக்குள் நுழைய முடியாது. ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று வரிசையாக இருந்தன. மகள் பிறந்தாள். அண்ணனுக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருடம் போய்விட்டது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், "நர்சா இருந்தேன்" என்பார். சொன்ன பிறகு ஒரு நிமிடம் கைகளைப் பார்த்துக்கொள்வார்.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் என்னை அழைத்தார். "ஏட்டி, மறுபடி ஆரம்பிக்கப் போறேன். இன்னமும் தள்ளிப்போட்டா 'இருந்தேன்'ங்கிறது மட்டும்தான் மிஞ்சும். காலேஜ்ல சில பேப்பர் வாங்கணும். நீதான் போகணும்."

நான் கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூசுகிறவள். சங்கரன்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பனவடலிசத்திரம் தாண்டும்வரை சரியாக இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் நின்றதும் ஒரு சொல்லும் வரவில்லை.

"என்னம்மா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் எழுத்தர்.

நான் மதினிக்கு போன் போட்டு அவரிடம் நீட்டினேன். ஸ்பீக்கரில் மதினியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அண்ணாச்சி, அந்தப் புள்ள வாயில ஒண்ணும் இல்ல, பயம்தான் இருக்கு. நான் உங்க காலேஜ்ல படிச்சவ. பன்னிரண்டு வருசமா சோறு பொங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரு சீல் குத்துனீங்கன்னா ஊசி போடப் போயிருவேன்."

எழுத்தர் சிரித்துவிட்டார். ஆனாலும் மூன்று தடவை அலைந்துதான் அந்தக் காகிதங்கள் கிடைத்தன.

ஒவ்வொரு தேர்வாகத் தாண்டி, கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. அதில் அறை அறையாகப் போக வேண்டும். நோயாளியாக நடிக்க ஓர் ஆள் கட்டிலில் படுத்திருப்பார். நர்ஸ் தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டு, வலியைக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். "கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு செல்வி, நாக்குதான் மறந்துட்டு. நீ பி.ஏ. இங்கிலீஷ்தான? வேலையில்லாம சும்மாதான இருக்க? எனக்கு நோயாளியா இரு" என்றார்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. அங்கே அப்போது மதியம். நோயாளியின் பெயர், வயது, உபாதை எல்லாவற்றையும் எழுதி முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். நான் மனப்பாடம் செய்து, கட்டிலில் படுத்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வேன். மூச்சுத்திணறும் தாமஸாக இருந்தேன். இடுப்பு முறிந்த கிழவியாக இருந்தேன்.

"அங்க என்னட்டி சத்தம்? ஆஸ்பத்திரியா, தறிக் கொட்டகையா?"

"தறிதான் மதினி."

"சரி, அதுக்கு மேல கத்து. வலிக்கிறவ இப்படியா முணுமுணுப்பா?"

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கல்யாணம் ஆகாத புள்ள தெனம் ஒரு சீக்கைச் சொல்லிக்கிட்டுக் கெடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்பாள். ஆனால் அந்த மாதங்களில்தான் எனக்குக் குரல் வந்தது. "நோயாளியா நல்லா நடிச்சிட்ட. இனி அந்தப் பக்கம் போய் உக்காரு" என்று மதினி விரட்டியதால்தான் இந்த கிளினிக் வேலைக்கே விண்ணப்பித்தேன்.

முதல் முறை அவர் தேறவில்லை. மாத்திரை கொடுக்கும் முன், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க மறந்துவிட்டார். "ஒரே ஒரு கேள்விட்டி. அத மட்டும் கேக்கல" என்றார். அழவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைப் பட்டியலாக்கி எனக்கு அனுப்பி, ஒவ்வொன்றாக டிக் போடச் சொன்னார். அடுத்த தேர்வு தேதியைத் தவறவிட்டால் ஆங்கிலத் தேர்வின் சான்றிதழ் காலாவதியாகிவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இன்னொரு தடவ முதல்லேருந்துன்னா என்னால முடியாதுட்டி" என்று அவர் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அப்போதுதான் மேரி வந்தாள்.

மேரி, வயது அறுபது. மூன்று வாரமாகத் தலைவலி. காலையில் எழும்போது அதிகம், குனிந்தால் இன்னும் அதிகம். இரண்டு முறை வாந்தி. இடது கண்ணின் ஓரத்தில் மங்கல். தோசை திருப்பும்போது கரண்டி கையிலிருந்து நழுவுகிறது.

படித்ததும் சிரித்துவிட்டேன். "மேரி எங்க தோசை சுடுதா மதினி?"

அவரும் சிரித்தார். "எங்க மேரிக்கு தோசைதான் பிடிக்கும். நீ சொல்லுட்டி."

நானும் சொன்னேன். அன்றிலிருந்து வேறு நோயாளி இல்லை. புதிதாக ஒன்று எழுதுங்களேன் என்று கேட்டதற்கு, "இது இன்னும் சரியா வரல" என்றார். ஒருநாள், மூன்று வாரம் என்பதை நான்கு வாரம் என்று திருத்தி அனுப்பினார். அதற்கடுத்த வாரம் ஐந்து. தேர்வில் மாற்றி மாற்றிக் கேட்பார்கள், அதற்காகத்தான் போல என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மேரிக்கு அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். இதை நீங்கள் சாதாரணமாக விடக் கூடாது, இன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நான் கூட இருக்கிறேன் என்பார். அழகான ஆங்கிலம். கேட்கும்போது எனக்கே தைரியமாக இருக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் மேரிக்கு ஒரு புதுக் கேள்வி சேர்த்து அனுப்பினார். "கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் போதாதா, சிஸ்டர்?"

நான் கேட்டேன். மதினி பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் இமைத்தது. பதிலை மறந்துவிட்டார் என்று நினைத்து, என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"மதினி, 'இன்னைக்கே'ன்னு சொல்லணும்."

"ஆமாட்டி. இன்னைக்கேன்னுதான் சொல்லணும்."

நான் டிக் போட்டேன்.

அவர் தேறினார். சில வாரங்களில் நர்சுக்கான பதிவு எண் வந்தது, ஒரு மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. மேற்பார்வை நர்ஸ், பெயரைச் சுருக்கிக் கூப்பிடலாமா என்று கேட்டாராம். "எங்க குலசாமி பேரு, சுருக்குனா அவ சும்மா விடமாட்டான்னு சொல்லிட்டேன்" என்று மதினி சொன்னபோது இருவரும் வெகுநேரம் சிரித்தோம். நீல உடையில், முழுப்பெயர் எழுதிய பட்டையோடு ஒரு படம் அனுப்பினார். அதன் கீழே "நர்சா இருக்கேன்" என்று எழுதியிருந்தார்.

ஒன்பது நாள் வேலை பார்த்தார். ஒன்பதாம் நாள் வார்டிலேயே விழுந்தார். மூளையில் கட்டி, அதில் ரத்தக் கசிவு. பல மாதமாகவே இருந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தோம். அவரோடு ஒன்பது நாள் மட்டுமே வேலை பார்த்த நர்சுகள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இசக்கியம்மாள் என்று முழுப்பெயரையும் தடுமாறாமல் சொன்னார்.

பிறகு ஒருநாள் அண்ணன் என்னிடம் சொன்னார். "தலவலின்னு ஒருநாளும் சொல்லலட்டி. ஒளிச்சு ஒளிச்சு மாத்திரை தின்னுருக்கா. தோசைக் கரண்டி மட்டும் கீழ விழுந்துக்கிட்டே இருக்கும். என்னட்டின்னு கேட்டா, கையில எண்ணெய்ம்பா."

அண்ணே, அன்றைக்கு உங்களிடம் என்னால் மேரியைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மதினியின் நோயை மதினியிடமே, அவர் எழுதித் தந்தபடி, நாள் தவறாமல் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்ததை இன்னொரு வாயால் கேட்டுப் பார்த்தாரா? யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று அந்தத் தோசையை எழுதினாரா? அல்லது அவசரத்தில் தன் அடுப்படி தானாக வந்து விழுந்ததா? எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது மேரியின் வரிகள் இன்னும் என் வாயில் வருகின்றன. நான் நிறுத்தினாலும் அவை நிற்பதில்லை. ஐந்து மணிக்கு போனில் வைத்த அலாரத்தை இன்னும் எடுக்கவில்லை. அது அடித்தால் தறிச் சத்தத்துக்கு மேலே யாரோ "சொல்லுட்டி" என்பது போல இருக்கிறது.

நேற்று மாலை கிளினிக்குக்கு ஓர் அக்கா வந்தார். மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர். விரல் நுனியெல்லாம் பச்சை.

"எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்காம். ஏதாவது மாத்திரை இருந்தா வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

முன்பென்றால், அவங்களையே கூட்டிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பியிருப்பேன். பேனாவை வைத்தேன்.

"யாருக்குக்கா?"

"சொன்னேன்லா, பக்கத்து வீட்டுக்காரிக்கு."

"யாருக்குக்கா?"

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்குத்தான்" என்றார்.

பெயர் கேட்டு எழுதினேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். டாக்டர் இன்றைக்கே பார்ப்பார், நான் உள்ளே கூட வருகிறேன் என்றேன். அப்போது பைக்குள் ஐந்து மணி அலாரம் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேட்டுவிட்டேன், மதினி. உங்களிடம்தான் கேட்காமல் போனேன்.