தெளிந்த தண்ணீர்

நோர்வேயில் மார்கழிக் காலையில் கண்ணாடி பார்ப்பது வீண் வேலை. வெளியே கும்மிருட்டு. குளியலறை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் என் கண்ணின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. ஆனாலும் பார்க்கிறேன். "அழகு பாத்தது போதும், பஸ் போயிரும்" என்று கணவர் கேலி செய்வார். அழகையா பார்க்கிறேன்? உள்ளே குடியிருக்கும் ஒன்று எட்டிப் பார்க்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இலங்கையில், எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவின் கண் மஞ்சளானது. அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு, பலாபத்வலையில் காமாலைக்கு மந்திரிக்கும் ஒருவரிடம் அம்மாவை அழைத்துப் போனார். அந்த மனிதர் அம்மாவின் உள்ளங்கைகளில் எதையோ தடவி, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாக வழிந்தது. நானும் தம்பி குமாரும் பயந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டோம். கடைசியாகப் போன அன்று தண்ணீர் தெளிவாகவே ஓடியது. "எறங்கிருச்சு, இனிப் பயமில்ல" என்றார் அவர். அம்மா மறுபடி கொழுந்து பறிக்கப் போனார். சில வருடம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு வயிறு வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சி போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், அந்த வருடமே போய்விட்டார்.

எனக்குள்ளும் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது இங்கே என் மகளைச் சுமந்தபோதுதான் தெரிந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். நகை நட்டு எதுவும் இல்லாத அம்மா எங்களுக்கு வைத்துவிட்டுப் போன சீதனம் அதுதான். இரத்தோட்டையில் ஆசிரியராக இருக்கும் குமாரையும் சோதிக்கச் சொன்னேன். அவனுக்கும் இருந்தது. கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன், ஒருநாள் துள்ளலோடு கூப்பிட்டான்.

"அக்கா, ஈ நெகட்டிவ்னு வந்திருச்சு! அடங்கிருச்சு. கோயில்ல பொங்கல் வைக்கப் போறோம்."

கிருமி பெருகும்போது இரத்தத்தில் விடும் ஓர் அடையாளத்துக்குத்தான் ஈ என்று பெயர். அது மறைந்தால் பெரும்பாலும் கிருமி அடங்கிவிட்டதென்று பொருள். அதற்குப் பிறகும் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குமார் போகவில்லை. நானும் அவனோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேனே தவிர, போ என்று சொல்லவில்லை.

போன கிழமை என் ரிப்போட்டிலும் அதே நெகட்டிவ் வந்தது. நான் சிரித்து, மருத்துவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். எனக்கு மொழி புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடி மெதுவாகச் சொன்னார். என் கிருமி போகவில்லை. அதன் மரபணுவில் ஓர் இடம் திரிந்து, அந்த அடையாளத்தை உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அதே வீட்டில் இருக்கிறது. எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். ஒரே தாயிடமிருந்து வந்த கிருமி ஒவ்வொரு உடம்பிலும் வேறு வேறு மாதிரித் திரியலாம், சிலருக்கு அது மோசமாகவும் போகலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல, பலாபத்வலையில் தெளிவாக ஓடிய தண்ணீர்தான் என் கண்ணுக்குள் ஓடியது.

மறுநாள் காலை குளியலறையில் நின்றே குமாரை வீடியோவில் பிடித்தேன். எனக்கு இருட்டு, அவனுக்கு உச்சி வெயில். பள்ளிக்கூட மைதானத்தில் நின்றான். மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

"கீழ் இமைய இழுத்துக் காட்டு."

சிரித்துக்கொண்டே இழுத்தான். மஞ்சள்.

"வெயில்க்கா."

"நெழலுக்கு வா."

மரத்தடிக்கு வந்தான். மஞ்சள் போகவில்லை. அம்மாவே போனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது போலிருந்தது.

"என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?"

"லீவு போட்டுட்டு இப்பவே கண்டிக்குப் போ. பெரியாஸ்பத்திரிக்கு."

அவன் சிரிப்பு நின்றது. "சரிக்கா, போறேன்" என்றவன், திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு வந்து என்னை உற்றுப் பார்த்தான்.

"ஒங்க கண்ணும் அப்படித்தானே இருக்கு?"

"இங்க லைட் அப்படி."

"அப்ப நீங்க வெளிச்சத்துக்கு வாங்க."

போனை ஏந்திக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். இரத்தோட்டையின் நடுப்பகல் என் கைக்குள் பளபளத்தது. குமார் காத்துக்கொண்டிருந்தான். இங்கே இன்னும் விடியவில்லை.