நடுங்கிய எண்கள்

அந்தக் காலையில் நான் மூன்றாவது முறையாக எண்களைப் பார்த்தேன். கதிர் எண்ணும் கருவியின் கீழே, எப்போதும் வைக்கும் இடத்தில், அளவு தெரிந்த கதிர்ப்பொருள் அடங்கிய அதே சோதனைக் குப்பி. முந்தின நாள்வரை ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது. அன்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண். கதவுக்கு வெளியே வாங்கில் என் ராத்தா உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்துப் பகுதியில் உதவியாளனாக இருந்தேன். உடம்புக்குள் இருக்கும் மருந்தைப் படமாகக் காட்டும் காமா கமரா அப்போது எங்கள் நாட்டுக்கு வரவில்லை. எங்களிடம் இருந்தது எண்களை மட்டும் தரும் கருவி. பிற்காலத்தில் காமா கமராவோடும் வேலை செய்தேன். அதன் முன் எங்கும் ஒரே அளவு கதிர் வீசும் பலகையை வைத்து, திரை முழுக்க ஒரே சீராகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளியை உள்ளே கூப்பிடுவேன். கருவி எதுவானாலும் முதலில் அதைச் சோதிக்க வேண்டும்.

ராத்தா என் மூத்த சகோதரி. உம்மா மௌத்தாகி எங்களைவிட்டுப் போன பிறகு எங்கள் ஊர் மருதமுனையில் தறியடித்து என்னைப் படிக்கவைத்தவள். அவளுக்குக் கழுத்தில் வீக்கம் வந்தது. கண்கள் பிதுங்கின, நெஞ்சு ஓயாமல் படபடத்தது, அறுந்த நூலை முடியக்கூட விரல்கள் நிற்கவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனது. நெஞ்சு இப்படி ஓடும்போது கத்தி வைக்க முடியாது என்றார்கள். கதிரியக்க அயடீன் ஒன்றுதான் மிச்சம். மச்சான், அவளுடைய கணவர், ரயிலில் கூட்டிவந்தார்.

முதல் நாள் அந்த அயடீனைக் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுப்போம். மறுநாள் கழுத்தின் முன் கருவியை வைத்து, தைராய்டுச் சுரப்பி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று எண்ணுவோம். அந்தக் கணக்கின்படிதான் டாக்டர் பெரிய அளவு மருந்தைத் தீர்மானிப்பார். குவளையை வாயில் வைத்த ராத்தா சிரித்துவிட்டாள். "வெறும் தண்ணி மாதிரித்தானே இரிக்கி தம்பி. இதுக்கா இவ்வளவு தூரம் வந்த நாங்க?"

மறுநாள்தான் எண்கள் நடுங்கின. வயர்களை மாற்றினேன். மின்னழுத்தத்தைப் பார்த்தேன். கருவி சூடேறட்டும் என்று காத்திருந்தேன். டாக்டர் வந்து கருவியின் முனையைக் கழற்றினார். உள்ளே கதிரை உணரும் பளிங்கு, கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டியது, மஞ்சளித்துக் கிடந்தது. மூடியில் எங்கோ ஒரு வெடிப்பு. கொழும்பின் ஈரக்காற்று உள்ளே போய் அதைக் கெடுத்திருந்தது.

"இந்த எண்ணை வச்சுக்கொண்டு ஒருத்தருக்கும் மருந்து குடுக்கேலாது," என்றார் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "லண்டனிலிருந்து வேறை பளிங்கு வரவேணும்."

ராத்தாவிடம் சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சும்மாவாவது எண்ட கழுத்துல வெச்சிப் பாரு தம்பி. என்னவும் ஒண்டு காட்டும்தானே."

"காட்டும் ராத்தா. ஆனா அது பொய்யா இரிக்கும். பொய்க் கணக்குக்கு மருந்து தந்தா உங்களுக்குத்தான் ஆபத்து."

"நீ இஞ்சதானே வேல செய்ற. உன்னாலயும் ஏலாதா?"

"ஏலா ராத்தா."

குடித்த அயடீன் அவள் கழுத்துக்குள் இருந்தது. எவ்வளவு என்று நான் அறியாமலே அது தேய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சைச் சற்று அடக்கும் ஒரு மருந்தை எழுதிக்கொடுத்து, பளிங்கு வந்ததும் சொல்லியனுப்புவதாக டாக்டர் அவளை ஊருக்கு அனுப்பினார். கோட்டை ஸ்டேஷனில் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சாமான் எப்ப வரும் மச்சான்?" ஜன்னலோரம் ராத்தா ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றார்கள், பிறகு வேறு அளவுப் பளிங்கு வந்துவிட்டது என்றார்கள். நான் போய்க் கேட்காத மேசை இல்லை. அதற்குள் மாரிமழை பிடித்துவிட்டது. ஊரில் ராத்தாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. அந்தக் காய்ச்சலில் நெஞ்சு கட்டுக்கடங்காமல் ஓடி, பொழுது சாய்வதற்குள் மௌத்தாகிவிட்டாள். செய்தி கிடைத்ததும் புறப்பட்டேன். மட்டக்களப்புக்கு அப்பால் பாதையை வெள்ளம் மூடியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கப்றில் அவளை மூடிய மண் இறுகியிருந்தது.

"உன்னக் கேட்டுக்கிட்டே இரிந்தா," என்றார் மச்சான்.

பளிங்கு அதற்குப் பிறகு வந்தது. பொருத்தி, குப்பியை வைத்து எண்ணிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எண்கள் நடுங்கவில்லை. டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இனி அக்காவைக் கூப்பிடலாம்," என்றார். ஊருக்குப் போய்வந்த காரணத்தை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அன்றே சிலருக்கு அயடீன் குடிக்கக் கொடுத்தோம். மறுநாள் வெளியே காத்திருந்தவர்களில் முதலாவது ஆளைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாத ஒரு பெண். கதிரையில் அமர்ந்து, நான் சொல்லாமலே நாடியை உயர்த்திக் கழுத்தைக் காட்டினாள். கருவியை அருகே கொண்டுபோனேன்.

"அசையாம இரிங்க," என்றேன். கருவியை முடுக்கி எண்ணத் தொடங்கினேன்.