கொத்சு இல்லாத ஓட்டல்

சிதம்பரத்தில் தரிசனம் முடித்து, ஊருக்கு ஊர் கிளை உள்ள ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஊருக்கே பேர்போன கத்தரிக்காய் கொத்சு தொட்டு இட்லி சாப்பிட்டுத்தான் விரதம் முடிப்பேன் என்று நேற்றிலிருந்தே சொல்லிவருகிறாள் என் மனைவி. வந்திருப்பதோ விறைத்த இட்லி, தண்ணீர் சாம்பார்.

"கொத்சு இல்லியாம்மா?"

பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து இங்கே பரிமாற வருகிற பெண் சிரிக்கிறாள். "எல்லா ஊருக்கும் ஒரே மெனுதான் மாமா. நானே இங்க சாப்புட மாட்டேன்!"

உள்ளே போய்த் தன் டிபன் பாக்ஸோடு வருகிறாள். "எங்க வூட்டு கொத்சு அத்தை. ஊத்திக்குங்க."

இட்லி ஊறுகிறது. முதல் வாய் உள்ளே போனதும், எச்சில் கை என்பதையும் மறந்து அவளைக் கும்பிடுகிறாள் என் மனைவி.

"ஐயோ அத்தை, என்னப் போயி கும்புடுறீங்க! சீக்கிரம் சாப்புடுங்க, மேனேஜர் வர்றாரு!"