ஜெட்டியில் நின்ற பச்சை பஸ்

கடல் வற்றியிருக்கும் வேளையில், பினாங்குத் தீவின் படகுத்துறையான ஜெட்டியில் பஸ் நிலையத்துக்கென்று ஒரு வாடை உண்டு. சேறு, டீசல் புகை, ஓரத்துக் கடையில் எண்ணெயில் பொரியும் வாழைப்பழம், மழையில் நனைந்து வரிசையில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்ட எனக்கு இன்றும் அந்த வாடை பட்டால் போதும், கால் தானாகவே வலிக்கத் தொடங்கிவிடும். சின்ன வயதில் அங்கே நான் நின்ற நேரம் அப்படி.

எனக்கு எட்டு வயதாக இருந்த வருடத்தின் கடைசிப் பள்ளி விடுமுறை அது. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிவதற்கு முன்பே 'கம்பெனி பஸ்' வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஆள் இல்லாததால் அப்பா தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். வீட்டிலிருந்து ஜெட்டிவரை பஸ், ஜெட்டியிலிருந்து அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு 'பெரி' கப்பல், அங்கே இறங்கி ரயில் நிலையம்வரை நடை, சாயங்காலம் அதே வழியில் திரும்பல். விடுமுறை என்றால் மற்ற பிள்ளைகளுக்கு விளையாட்டு. எனக்கு அது சம்பளமில்லாத உத்தியோகம்.

ஜெட்டிக்கு எதிரே மணிக்கூண்டு வைத்த ரயில்வே கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் என்று ஊரே அதைக் கேலி செய்யும். தீவில் டிக்கெட் எடுத்துக் கடலைக் கடந்து அக்கரையில் ரயிலேறிய காலத்தின் மிச்சம் அது. அப்பா மட்டும் அந்தக் கேலிக்குச் சிரிக்கமாட்டார். அவர் ரயில்வே ஆள். பட்டர்வொர்த் நிலையத்தில் பெட்டிகளைக் கோக்கவும் கழற்றவும் எஞ்சினுக்குக் கொடி காட்டுகிற வேலை. கழுத்தில் விசில், இடது கையில் பச்சைக் கொடி, வலது கையில் சிவப்புக் கொடி. சிவப்புக் கொடியின் குச்சியில் மட்டும் ஒரு துணிக்கிழிசலை இறுக்கிக் கட்டியிருப்பார். வழுக்காமல் இருக்க என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் பினாங்கு பஸ்களுக்கு எண் இருந்தது என்றாலும் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 'பச்சை பஸ்' என்றால் ஆயர் ஈத்தாம், 'மஞ்சள் பஸ்' என்றால் பாயான் லெப்பாஸ், 'நீல பஸ்' என்றால் வடக்குக் கடற்கரைப் பக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்கள். கண்டக்டர்கள் டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியைக் 'கிளிக் கிளிக்' என்று அடித்துக்கொண்டே ஆள் கூப்பிடுவார்கள். சாயங்காலம் பெரியிலிருந்து ஒரு கூட்டம் இறங்கினால் நிலையம் முழுவதும் நிறத்தைப் பார்த்து மூன்றாகப் பிரிந்து ஓடும்.

எங்கள் ஓட்டம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாப்பா, எது பச்ச, சொல்லு பாப்போம்" என்பார். நான் விரலை நீட்டுவேன், அதன் பிறகுதான் நடப்பார். எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று எனக்குப் பெருமையோ பெருமை. எட்டு வயதுப் பெண்ணிடம் போய் நிறம் கேட்கிறாரே என்று ஒரு முறை சிணுங்கியபோது, "சும்மா சொல்லு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பச்சையும் மஞ்சளும்கூட மழை நாளில் ஒன்றுதான். வீட்டில் இது அம்மாவுக்கு மட்டும் தெரியும், ரயில்வேயில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கொடி பிடிக்கிற வேலை போய்விடும், அதோடு அதற்குரிய படியும் போய்விடும். பகலில் சிக்னல் கையின் சாய்வைப் பார்த்து ஒப்பேற்றிவிடலாம். இரவில் விளக்கின் நிறம் மட்டும்தான் இருக்கும் என்பதால், இரவு வேலையையெல்லாம் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளையும் தீபாவளிகளையும் வாங்கிக்கொண்டார். என் சிறுவயதில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருந்ததில்லை. வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்; ஆனால் தூங்கமாட்டார்.

ரயில்வேயில் கண் பரிசோதனைக்கு ஒரு புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நிறம் தெரிந்தவனுக்கு எண் தெரியும். அப்பாவுக்கு முன்னால் சோதனைக்குப் போய் வந்த ஒரு சிநேகிதர் எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சில வருடங்களுக்கு ஒரு முறை சோதனை வரும், அப்போதெல்லாம் அம்மா சமைத்துக்கொண்டே கேட்பார், அப்பா ஒப்பிப்பார். "பன்னெண்டு, எட்டு, இருவத்தொம்பது, அஞ்சு, மூணு, பதினஞ்சு, எழுவத்து நாலு..." அந்த விடுமுறைக்கு முந்தைய மாதமும் அது நடந்தது. நான் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டே முழுவதையும் பாடமாக்கிவிட்டேன். பிள்ளைகள் பாட்டுப் படிக்கிற மாதிரி எனக்கு அது ஒரு பாட்டு.

ஒரு மத்தியானம் பட்டர்வொர்த்தில் பெருமழை. கோலாலம்பூர் ரயில் தாமதம். நான் காத்திருப்பு அறையில் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். வேலை ஓடாத ஸ்டேஷன் மாஸ்டர் பால் சேர்க்காத 'தே ஓ' தேநீர் டம்ளரும் ஒரு பிஸ்கட்டுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், வெளுத்த சட்டை, மெதுவான பேச்சு. பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறாய், ஒரு பாட்டுச் சொல்லு என்றார். பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் எல்லோருக்கும் தெரியுமே, வேறு யாருக்கும் தெரியாததைச் சொல்வோம் என்று எனக்குத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று எண்களை ஒப்பித்தேன்.

முதலில் சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தட்டாமல் சொன்னேன். அவரும் அந்தப் புத்தகத்தின் முன்னால் எத்தனையோ முறை உட்கார்ந்தவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"அம்மாதான் அப்பாவுக்குச் சொல்லிக் குடுப்பாங்க" என்றேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நான் தின்றேன்.

அடுத்த வாரம் அப்பாவை மறுபடியும் சோதனைக்கு அழைத்தார்கள். இந்த முறை பக்கங்களை முன்பின்னாகத் திருப்பியிருக்கிறார்கள். மாஸ்டர் பேசிப் பார்த்ததால் வேலையைவிட்டு நீக்காமல் 'சாமான் ரூமு'க்கு மாற்றினார்கள். கொடி போய்விட்டது, விசில் போய்விட்டது. கூட வேலை செய்த எவனோ பொறாமையில் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அம்மா வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஓய்வு பெறும்வரை மூட்டை தூக்கினார்; இன்று நிமிர்ந்து நிற்க முடியாத முதுகு அந்த அறையில் வாங்கியதுதான்.

என்ன செய்தேன் என்பது எனக்கே பதினைந்து வயதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த தாதி ஒரு வண்ணப் புள்ளிப் புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அடுத்த பக்கத்தை அவர் திருப்புவதற்கு முன்பே எட்டு என்று என் வாய் சொல்லிவிட்டது. மிச்சப் பக்கங்களை நான் பார்க்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கம் பழகிப்போய், நாற்பது வருடம் என்னோடேயே இருந்துவிட்டது.

போன மாதம் பட்டர்வொர்த்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்பாவுக்கு எண்பது ஆகிவிட்டது, அம்மா இல்லை, ஆகவே நான் லீவு போட்டு அழைத்துப் போனேன். பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் மின்தூக்கியும் கண்ணாடியுமாக ஒரு பெரிய நிலையம் வந்திருக்கிறது. ரயிலும் பஸ்ஸும் ஒரே கூரையின் கீழ். மின்சார ரயிலுக்குப் பெட்டி கோக்கவும் கழற்றவும் ஆள் வேண்டியதில்லை. கார்களையும் ஏற்றிக்கொண்டு அசைந்து வரும் அந்தப் பெரிய பெரிகளும் இல்லை, திரும்பும்போது சின்னப் படகு மாதிரி ஒன்று எங்களை இக்கரையில் விட்டது. ஜெட்டி நிலையத்தில் பச்சையும் மஞ்சளும் நீலமும் போய் எல்லாப் பஸ்களும் ஒரே நிறம். நெற்றியில் மட்டும் விளக்கு எழுத்தில் பெரிதாக எண் ஓடுகிறது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். கடல் வற்றியிருந்தது. களைப்பில்தான் என் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"அப்பா, மாஸ்டர்கிட்ட அந்த நம்பரயெல்லாம் சொன்னது நான்தான்."

"தெரியும்லா" என்றார். "அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்பா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னத்தக் கேக்குறது? ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஆளு நிப்பான். நான் எந்தக் கொடியத் தூக்குனேன்னு தெனம் பத்து தடவ குச்சியத் தடவிப் பாப்பேன். சாமான் ரூமுக்குப் போன அன்னிக்குத்தான் பாப்பா, நான் நல்லா தூங்குனேன்."

எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் அழச் சங்கடமாக இருந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். அப்போது ஒரு பஸ் வளைந்து வந்தது. நிறம் பார்க்கத் தேவையில்லாத, அப்பாவுக்கென்றே செய்தது மாதிரியான பஸ், நாற்பது வருடம் தாமதமாக. அவர் கண்ணைச் சுருக்கி நெற்றி விளக்கைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அடுத்த மாதம்தான் அறுவை. எழுந்திருக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"என்ன நம்பரு, சொல்லு பாப்போம்."