இறாலுக்குக் கருப்பு விழுகிற நேரம்

செத்த பிறகும் வேலையை விடாத ஜீவன் இறால். அதைத் தரம் பார்க்கிற எனக்கு உயிரோடிருந்தும் ஒரு நாள் லீவு கிடைக்காது. பழவேற்காட்டில் ரஹீம் பாயின் இறால் கொட்டகையில் பெட்டியைத் திறந்து, தலைப்பக்கம் புரட்டிப் பார்த்து, 'ஆகும்', 'ஆகாது' என்று சொல்வதுதான் என் வேலை. ரேஷன் கடையில் எடை போட்டவர்கள், பரீட்சைத் தாள் திருத்தியவர்கள், கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நம்மை யாரும் வாயார வாழ்த்திவிட்டுப் போனதில்லை.

லுங்கியில் துடைத்தால் போகாது

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். படகு வைத்திருக்கிற ஏழுமலை அண்ணன் பெட்டியோடு வந்தார். எங்கள் ஏரியில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. பாடு என்று முறை உண்டு, அவரவர் முறை வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து பிடித்த பெட்டியில் பாதி இறாலுக்குத் தலையோரம் கருப்பு. "அது ஏரிச் சேறும்மா" என்று ஒன்றை எடுத்து லுங்கியில் தேய்தேய் என்று தேய்த்தார். லுங்கிதான் அழுக்கானது.

நான் காலேஜில் உயிர்வேதியியல் படித்தவள், சும்மா இருப்பேனா? "அண்ணே, வாழைக்காய நறுக்கி வெச்சா கருக்குதுல்ல, இதுவும் அதுதான். இறாலுக்குள்ள நொதினு ஒண்ணு இருக்கு, என்சைம்னு சொல்வாங்க. உயிரோட இருக்கறப்ப ஓட்டுல அடிபட்டா அந்த எடத்த அடைக்கிறது அதோட வேலை. இறால் செத்ததுகூடத் தெரியாம, காத்து பட்டதும் அது பாட்டுக்குத் தொடங்கிடுது. கொஞ்சூண்டு இருந்தாலே போதும், அது தேயாது, செஞ்ச வேலையவே திரும்பத் திரும்பச் செய்யும்" என்றேன். அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "செத்தப்புறமும் வேல செய்துன்ற. எங்க வூட்ல உசுரோட ரெண்டு பேர் கீறானுங்க, ஒரு வல தூக்கறதில்ல."

எலுமிச்சை வைத்தியம்

அடுத்த முறைக்கு அதே ஏழுமலை அண்ணன். பெட்டியில் மருந்துக்குக்கூடக் கருப்பு இல்லை. புளிப்பு பட்டால் கருக்காது என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. வாழைக்காயை நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, அதே கதை. ஒவ்வொரு நொதிக்கும் தனக்குப் பிடித்த பதம் ஒன்று உண்டு. புளிப்பு அதைத் தாண்டி ஏறினால் அதற்குக் கை ஓடாது.

அண்ணன் என்ன செய்தார் என்றால், ஒரு கூடை எலுமிச்சையைப் பிழிந்து விடியற்காலையிலிருந்து ஊறப் போட்டுவிட்டார். சதையெல்லாம் வெளுத்து, விறைத்து, பாதி வெந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் பாவமும் சேர்ந்து வந்தது. ரஹீம் பாய் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்த் திரும்பப் பெட்டியில் வைத்தார். "இறால் கேட்டா ஊறுகா குடுக்கிறியே நைனா, சோத்தையும் நீயே போட்டுடு."

நான் சொன்ன ஒரு சொல்

தேசம்மா அக்காவுக்கு ஊர் பக்கத்திலிருக்கிற தோணிரேவு. அவருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, பாடும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார். வாயைத் திறந்தால் பறி போய்விடும் என்பதால், கரையேறியதும் அத்தனை மணி நேரப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசுவார்.

அவருடைய இறாலுக்குச் சூடுதான் எமன். பறி கரை மணலில் வெயில் காயும். சூடு ஏற ஏற நொதிக்குக் கொண்டாட்டம். பஸ் பிடித்து எங்களிடம் வருவதற்குள் கருப்பு விழுந்துவிடும். இரண்டு முறை நானே 'ஆகாது' என்றேன். மூன்றாம் முறையும் கருப்பு வந்தால் இந்தக் கொட்டகையில் இறக்கவே வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். அப்புறம் கூடையைத் தலையில் வைத்துத் திருப்பாலைவனத்தில் தெருத்தெருவாகக் கூவ வேண்டியதுதான், அதுவும் முட்டி இரண்டும் தேய்ந்துபோன மனுஷி. எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, பிடிச்சதும் ஐஸ் போட்டு வைங்க. கருப்பு நின்னுடும்" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். "நின்னுடும்ன்ற. சரி பாப்பா, உன் வாயி, என் இறாலு."

மூன்றாம் முறை

நின்றுவிடும் என்று படித்தவள் சொன்னால், பிறகு அவசரம் எதற்கு? அக்கா இரண்டு நாள் பிடித்ததைச் சேர்த்து, ஐஸ் கரையக் கரைய மேலே போட்டு, மூன்றாம் நாள் காலை ஒரே பெட்டியாகக் கொண்டுவந்தார். அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மூடியைத் திறந்தேன். மேலே கருப்பு. கையை விட்டு அடியில் எடுத்தேன். அங்கேயும் கருப்பு.

ஐயோ என்று ஆகிவிட்டது. குளிரில் நொதி நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பேச்சு வேகத்தில் 'மெதுவாகும்' என்பதற்குப் பதில் 'நின்னுடும்' என்று சொல்லிவிட்டேன். 'ஆகும்' என்று கண்ணை மூடிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படிச் சொல்லியிருந்தால், எங்களிடம் வாங்குகிற கம்பெனி மொத்த லோடையும் திருப்பியிருக்கும். பாயிடம் போய், "தப்பு என்னுது பாய், அக்காவுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க" என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டே, ஒரே ஒரு தடவை என்றார்.

தேசம்மா அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அது எப்பதான் நிக்கும்?" என்று கேட்டார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நிற்கும், முட்டை வெள்ளை வெந்தால் பழையபடி ஆகாதில்லையா, அதுபோல நொதியும் உருக்குலைந்துபோகும், ஆனால் விழுந்த கருப்பு போகாது என்றேன். பச்சை இறாலாக வேண்டுமென்றால் அந்த நொதி நிறைய இருப்பது தலையில்தான் என்பதால், பிடித்த உடனே தலையைக் கிள்ளிக் கழுவி ஐஸில் போட்டு அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னேன். அக்கா பெட்டியை மூடினார். "இத மொதல்ல சொல்றதுக்கு உனுக்கு இன்னா?"

தலையில்லாத பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு தோணிரேவுக்குப் போனேன். அக்கா பறியைக் கடித்துக்கொண்டு கரையேற, நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓலை நிழலில் உட்கார்ந்து தலை கிள்ளினேன். முள் குத்தி விரலெல்லாம் ரத்தம். அக்கா பார்த்துவிட்டு, பறியில் மிச்சமிருந்ததையும் என் முன்னால் கொட்டினார். கழுவினோம், ஐஸை அடியிலும் நடுவிலும் மேலுமாகப் போட்டோம், அடுத்த பஸ்ஸிலேயே ஏறினோம். அன்றைக்குப் பெட்டியைப் பாயே திறந்தார், என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "இனிமே நீ இங்கயே இறக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா இடுப்பிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். திருப்பி அனுப்பிய அந்த இரண்டு நாள் இறால்தான், அவித்துக் காயவைத்தது, தலையில் கருப்போடு. அன்றைக்கு இரவு வீட்டில் தொக்கு செய்து தின்றோம். இறாலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்பு கண்ணுக்குத்தான் ஆகாது, வாய்க்கும் வயிற்றுக்கும் ஒன்றும் செய்யாது. அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் மூட்டையை வைத்தபோது அக்கா சொன்னதுதான் ஒவ்வொரு கவளத்துக்கும் காதில் கேட்டது. "இது நீ கெடுத்த இறாலு பாப்பா. நீயே துன்னு. துன்னுட்டு, நீ வேணான்னது எப்டி கீதுனு வந்து சொல்லு."

இப்போதெல்லாம் யார் வந்து எதைக் கேட்டாலும், "நிக்காது, மெதுவாகும்" என்று மட்டும்தான் சொல்கிறேன். காலேஜில் மூன்று வருஷம் படித்தும் ஏறாத அந்த ஒரு சொல், தேசம்மா அக்காவின் ஒரு பெட்டி இறாலில் ஏறிவிட்டது.