வேறொருவர் வானில் ஒரு குட்டித் தூக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம். நானும் என் கணவரும் மோசல் ஆற்றங்கரையோரமாக எங்கள் வோன்மொபிலில் போய்க்கொண்டிருந்தோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வானைத்தான் ஜேர்மனியில் அப்படிச் சொல்வார்கள். பீலெஃபெல்ட்டில் அவர் தளபாடத் தொழிற்சாலையிலும் நான் முதியோர் இல்லச் சமையலறையிலும் முப்பது வருடம் உழைத்து, ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது.

அவருக்குக் கோட்டைகள் என்றால் உயிர். எதை யார் கட்டினார், யார் இடித்தார் என்று காலைத் தேநீரோடு தொடங்கிவிடுவார். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் வெட்டுவேன். எனக்கு எல்லாமே மலை உச்சியில் ஓர் இடிந்த மதில்தான். ஏறினால் முழங்கால் வலிக்கும்.

அன்று மதியம் ஆற்றோரத் தரிப்பிடம் ஒன்றில் நிறுத்திச் சாப்பிட்டோம். அவர் ஆற்றைப் படம் எடுக்கப் போனார். நான் பின்கட்டில் திரைச்சீலையை இழுத்து மூடிப் படுக்கையைச் சரிசெய்துவிட்டு, தரிப்பிடத்துக் கழிப்பறைக்குப் போகிற வழியில் அவரிடம் சொன்னேன்: "நான் வந்து படுக்கப்போறன். கோட்டை வந்தாலும் எழுப்பாதேங்கோ. நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ."

திரும்பி வந்தேன். வெள்ளை வான், திறந்த கதவு. ஏறி, செருப்பைக் கழற்றி, திரைக்குப் பின்னால் படுத்தேன். தலையணை வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தது. எனக்குத் தெரியாமல் புதிது வாங்கி வைத்திருக்கிறாரே என்று மனம் கொஞ்சம் உருகியும் போனது.

விழித்தபோது வான் ஓடிக்கொண்டிருந்தது. வானொலி அலறியது. "உந்த ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றேன்.

வான் சடாரென்று நின்றது. திரையை விலக்கினால், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஜேர்மன் தம்பதி என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் பேசிய ஜேர்மன் மொழி முழுவதும் பறந்துபோய், வணக்கம் என்ற ஒரு சொல் மட்டும்தான் வந்தது. அந்த அம்மா முதலில் திகைத்து, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய கணவர் மட்டும் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

மெல்ல ஜேர்மன் திரும்பி வர, நடந்ததைச் சொன்னேன். உடனே வானைத் திருப்பினார்கள். தரிப்பிடத்துக்கு வந்தால் எங்கள் வானைக் காணோம். என் கைபேசி அதற்குள் மின்னேறிக்கொண்டிருந்தது. என் கணவருடைய இலக்கமோ எனக்கு மனப்பாடமில்லை. 

என் கணவர் கோட்டைக்குத்தான் போயிருப்பார் என்றேன். எந்தக் கோட்டைக்கு என்று அந்த அம்மா கேட்டார். பெயர் 'பூர்க்' என்று முடியும் என்றேன். இந்த நாட்டில் எல்லாக் கோட்டையும் அப்படித்தான் முடியும் என்று அவருடைய கணவர் அமைதியாகச் சொன்னார். மலை மேல் இருக்கிறது, கீழே ஆறு ஓடுகிறது என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே அப்படி இரண்டு நின்றன.

காலையில் என் கணவர் நீட்டிய துண்டுப் பிரசுரத்தை ஒரு நொடியாவது பார்த்திருப்பேனே என்று யோசித்தேன். நல்லவேளை, கோபுரத்தின் ஒரு மூலை யாரோ கடித்த பாண் துண்டு மாதிரி இருந்தது ஞாபகம் வந்தது. அந்த அம்மா கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ஏழாவதோ எட்டாவதோ கோட்டையில், இதுதான் என்று கத்திவிட்டேன்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது எங்கள் வான் கோட்டை அடிவாரத்தில் நின்றது. என் கணவர் கையில் ஒரு கேக் பொட்டலத்தோடு, நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் பதறிப் பதறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரை மூடியிருந்ததால் நான் உள்ளே தூங்குகிறேன் என்று நினைத்து ஓட்டி வந்தவர், சொன்ன சொல் தவறாமல் என்னை எழுப்பாமலேயே கோட்டையைச் சுற்றிப் பார்த்து முடித்திருக்கிறார். கேக்கோடு வந்து தட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

"எனக்கு உயிரே போட்டுது" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நுழைவுச்சீட்டுப் பெண், அவர் சொன்ன அடையாளங்களை எழுதிவைத்த குறிப்பை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். காணாமல்போனவர் நீலச் சட்டை அணிந்தவர், உயரமானவர். நான் அன்று போட்டிருந்தது மஞ்சள். என் உயரம் அவர் தோளைக்கூடத் தொடாது.

"நீங்கள் ஆரைத் தேடினனீங்கள்?" என்று கேட்டேன். அந்த ஜேர்மன் பெரியவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். கேக்கை நால்வருமாகச் சாப்பிட்டோம்.

கூடவே இருக்கிறவர்தானே என்று அவர் பேச்சை நானும் என் முகத்தை அவரும் எத்தனை வருடம் கவனிக்காமலே கடந்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. இன்றைக்கும் அவர் ஒரு கோட்டைக் கதையை எடுத்தால், வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.